அவலமும் கொடையும்: ஜேம்ஸ் ஹெரியட் நூல்களில் கால்நடை மருத்துவரும் விலங்கு வளர்ப்போரும்

1. தோற்றுவாய்

மக்கள் மருத்துவத்தில் நோயுற்றவரும் நோயை எடுத்துச் சொல்பவரும் பெரும்பாலும் ஒருவரே. கால்நடை மருத்துவத்திலோ நோயுறுவது வாய்பேசா உயிர். அந்நோயைச் சொல்பவர் அதனை வளர்ப்பவர். ஆகவே கால்நடை மருத்துவர் ஒரே வேளையில் இருவரை நோக்கும் கடப்பாடு உடையவர் ஆகின்றார். கை விலங்கின் உடலைத் தொடுகின்றது. செவி மனிதரின் சொல்லைக் கேட்கின்றது. விலங்கு பிழைத்தவழி இருவர் துன்பமும் ஒருங்கே நீங்கும். பிழையாதவழி விலங்கின் துன்பம் ஊசிமருந்தோடு முடியும். வளர்த்தவரின் துன்பமோ அப்பொழுதுதான் தொடங்கும். அத்துன்பத்திற்கு மருத்துவ நூலில் மருந்து இல்லை.

இவ்வுறவின் உணர்ச்சிப் பகுதியை இலக்கியமாக்கியவர்களுள் ஆங்கில நாட்டு ஜேம்ஸ் ஹெரியட் முதன்மையானவர். அவருடைய நூல்களை உலகெங்கும் பலர் விரும்பிப் படித்தனர். எனினும் அவற்றை ‘இனிய கதைகள்’ என்று சொல்லி அமைவாரே பலர். அவ்வினிமை எதனால் ஆயது, அது உண்மையை எவ்வளவு காட்டுகின்றது, எவ்வளவு மறைக்கின்றது என்று ஆராய்வார் சிலரே. அவர்தம் மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களுக்கு விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆசிரியரும் நூலும்

ஹெரியட் என்பது புனைபெயர். இயற்பெயர் ஜேம்ஸ் ஆல்பிரட் வைட். 1916-ஆம் ஆண்டு சண்டர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோ நகரில் வளர்ந்து, அந்நகரத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1939-இல் பட்டம் பெற்றார். 1940-இல் யார்க்ஷயரைச் சார்ந்த தர்ஸ்க் என்னும் சிற்றூரில் டொனால்டு சின்க்ளேர் என்பவரின் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர்ப் பங்காளரும் ஆகி, தம் பணிக்காலத்தை அவ்வூரிலேயே கழித்தார். 1995-இல் மறைந்தார்.

அவர் எழுதத் தொடங்கியபோது அகவை ஐம்பதை எட்டியிருந்தது. சொந்தப் பெயரில் எழுதின் அது தொழில் விளம்பரமாகக் கொள்ளப்படும் என்னும் தொழில்நெறி அந்நாளில் அங்கு நிலவியமையால், கால்பந்து வீரர் ஒருவர் பெயரைத் தமக்குப் புனைபெயராகக் கொண்டார். முதல் நூல் 1970-இலும் இரண்டாம் நூல் 1972-இலும் இங்கிலாந்தில் வெளிவந்தன. இரண்டையும் ஒன்றாக்கி ‘ஆல் கிரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்’ என்னும் பெயரால் 1972-இல் அமெரிக்காவில் வெளியிட்டனர். சிறியவும் பெரியவுமாகிய எல்லா உயிர்களும் என்பது அதன் பொருள். இக்கட்டுரையில் ஆராயப்படும் நிகழ்ச்சிகள் மூன்றும் அத்தொகுப்பில் உள்ளவை.

இந்நூல்கள் தன்வரலாறு போலத் தோன்றினும் முழுமையும் தன்வரலாறு அல்ல. தர்ஸ்க் என்னும் ஊர் நூலில் டாரோபி என்று பெயர் பெறுகின்றது. சின்க்ளேர் சீக்ஃபிரீட் ஃபார்னன் ஆகின்றார். 1940-இல் நிகழ்ந்த வருகை 1937-இல் நிகழ்ந்ததாகக் கூறப்படுகின்றது. ஆகவே ‘நான்’ என்று பேசும் மருத்துவரை ஆசிரியராகவே கொள்ளாது, ஆசிரியர் படைத்த ஒரு பாத்திரமாகக் கொண்டு ஆராய்வதே முறை. ஈண்டு ஹெரியட் எனப்படுவார் அப்பாத்திரமே. வைட் எனப்படுவார் ஆசிரியர்.

முதல் நூலின் ஆங்கிலப் பெயர், ‘அவை பேசக்கூடுமானால்’ என்னும் பொருள் தருவது. விலங்குகள் பேசா என்னும் ஏக்கம் அத்தலைப்பில் ஒலிக்கின்றது. ஆயின் நூலினுள் புகுந்து நோக்குவார்க்கு மற்றோர் உண்மை புலனாகும். பேசமாட்டாமல் தவிப்பவர் பல இடங்களில் மனிதரே. தம் துயரைச் சொல்லச் சொல் இன்றி நிற்கும் எளிய மாந்தர்க்கு, அவர்தம் நாயும் பூனையுமே சொல்லாக அமைகின்றன. அவற்றின் நோயைக் கூறுவார்போலத் தம் தனிமையைக் கூறுகின்றனர். அதனைக் கேட்டறிவதே ஹெரியட்டின் இரண்டாவது தொழில் எனலாம்.

3. ஆய்வுக்கு ஓர் அளவுகோல்

உணர்ச்சி பற்றிய இவ்வாய்வுக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தக்கதோர் அளவுகோலாகும். ஹெரியட் தொல்காப்பியத்தை அறிந்தவர் அல்லர்; அவர் நூலில் தமிழ் மரபின் சாயலைத் தேடுவதும் எம் கருத்து அன்று. உள்ளத்து உணர்ச்சி பிறர்க்குப் புலனாகுமாறு மெய்யின்கண் தோன்றுதலே மெய்ப்பாடு ஆதலின், சொல் குறைந்து செயல் மிகுந்த இந்நிகழ்ச்சிகளை அளக்க அது பொருந்தும் என்பதே கருத்து.

மெய்ப்பாடு எட்டனுள் அழுகை ஒன்று. அதன் நிலைக்களன் நான்கனுள் இழவும் வறுமையும் இடம்பெறும். பேராசிரியர் தம் உரையில் அழுகையை இருவகையாகப் பகுப்பர்: தானே அவலித்தல் ஒன்று, பிறர் அவலம் கண்டு அவலித்தல் மற்றொன்று. முன்னையதை அவலம் என்றும் பின்னையதைக் கருணை என்றும் வேறாகக் கொண்டு சுவையை ஒன்பதாக எண்ணும் வழக்கையும் அவர் சுட்டுவர். இப்பகுப்பு நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவது. விலங்கை இழப்பவர் உணர்ச்சி அவலம். அருகே நிற்கும் மருத்துவர் உணர்ச்சி கருணை. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட எல்லையை ஹெரியட் யாங்ஙனம் காக்கின்றார், அவ்வெல்லை எங்கே அழிகின்றது என்பனவே இனிக் காணத்தக்கவை.

4. முதியவரும் சுருட்டும்

முதலாவது நிகழ்ச்சி மிகச் சிறியது. டாரோபியின் ஒடுங்கிய முடுக்கு ஒன்றில் டீன் என்னும் முதியவர் வாழ்கின்றார். மனைவியை இழந்தவர், வறியவர். பாப் என்னும் கிழநாயே அவர்க்குத் துணை. ஹெரியட் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தீராத கட்டி என்று உணர்கின்றார். உண்மையைச் சொல்கின்றார். முதியவர் சிறிது பொழுது நாயின் அருகே மண்டியிட்டு அதனைத் தடவுகின்றார், பின்னர் இசைகின்றார். நாய் வலியின்றி உயிர் விடுகின்றது. தாம் தரவேண்டிய தொகை யாது என்று முதியவர் கேட்க, ஒன்றும் இல்லை, இவ்வழியே வரவேண்டியிருந்தது, சில நிமிடமே ஆயிற்று என்னும் கருத்துப்பட ஹெரியட் விடை கூறி வெளியேறுகின்றார். தெருவில் அவரைப் பின்னிருந்து அழைத்துக்கொண்டு முதியவர் வருகின்றார். முன்னொரு கொண்டாட்ட நாளிலிருந்து போற்றி வைத்திருந்த ஒற்றைச் சுருட்டை அவர் கையில் தருகின்றார். அத்துடன் நிகழ்ச்சி முடிகின்றது.

இதில் இழவும் வறுமையும் ஆகிய இரு நிலைக்களன்களும் ஒருங்கே உள்ளன. குறைந்த ஆற்றலுடைய எழுத்தாளர் ஒருவர் இவ்விடத்தில் முதியவரைக் கதறச் செய்திருப்பார். அல்லது மருத்துவர் கண்ணீரை வருணித்திருப்பார். ஹெரியட் இரண்டும் செய்திலர். முதியவர் அவலம் தடவும் கையில் வெளிப்படுகின்றது. மருத்துவர் கருணை, கூலி வேண்டா என்னும் ஒரு சொல்லில் அடங்குகின்றது. அச்சொல்லும் கொடையாகத் தோன்றாவண்ணம், வழியில் வந்தேன் என்னும் சிறு மறைப்போடு கூறப்படுகின்றது. ஈகையை ஈகை என்று காட்டாத நயம் இது.

ஆயினும் நிகழ்ச்சியின் உயிர் அதுவும் அன்று. கூலி வாங்காத மருத்துவரோடு கதை முடிந்திருப்பின், முதியவர் இரக்கத்திற்குரிய ஒருவராகவே நம் நினைவில் நின்றிருப்பார். மனைவியை இழந்தார், நாயை இழந்தார், ஈற்றில் பிறர் உதவி பெறும் நிலைக்கும் ஆளானார் என்றாகியிருக்கும். சுருட்டு அதனை மாற்றிவிடுகின்றது. பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன் நான்கனுள் கொடையும் ஒன்று என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும். பெருமிதம் என்பது தருக்கு அன்று. தன் மேம்பாடு தனக்கே புலனாதல். முதியவர் பெறுபவர் நிலையிலிருந்து கொடுப்பவர் நிலைக்கு உயர்கின்றார். அழுகையில் தொடங்கிய நிகழ்ச்சி பெருமிதத்தில் முடிகின்றது.

இவ்வுயர்ச்சிக்கு மருத்துவர் செய்தது ஒன்றே: அவர் அதனைப் பெற்றுக்கொண்டார். வேண்டா என்று மறுத்திருப்பின் அன்பு போலத் தோன்றும் ஓர் அவமதிப்பாக அது முடிந்திருக்கும். கருணை உடையவர் கொடுக்கக் கற்றிருத்தல் எளிது. பெறக் கற்றிருத்தலே அரிது. இருவர் உறவும் சமநிலை எய்துவது அப்பெறுதலால் ஆகும்.

5. நோயாட்டியின் வினா

இரண்டாவது நிகழ்ச்சியில் வருபவர் ஸ்டப்ஸ் என்னும் மூதாட்டியார். மூட்டு நோயால் படுக்கையை விட்டு எழ இயலாதவர். அவர் படுக்கைக்கு மேலே, இறைவன் அருகே இருக்கின்றான் என்னும் பொருளுடைய அட்டை ஒன்று தொங்குகின்றது. அறையில் நாய்களும் பூனைகளும் சூழ்ந்திருக்கின்றன. ஒரு நாள் அவருடைய நாய்களுள் ஒன்று இறந்துபடுகின்றது. அடுத்துப் போவது தாமே என்று அம்மையார் உணர்கின்றார். சாவிற்கு அவர் அஞ்சவில்லை. விலங்குகட்கு ஆன்மா இல்லை என்று சிலர் கூறுகின்றனரே. அங்ஙனமாயின் இறந்தபின் இவற்றை மீண்டும் காணேனோ என்பதே அவர் அச்சம். அதனை அவர் வினவுவது சமயக் குரவரை அன்று, கால்நடை மருத்துவரை.

ஹெரியட் தயங்கவில்லை. அன்பும் நன்றியும் உடைமையே ஆன்மா எனின் மனிதர் பலரினும் விலங்குகளே மேல் என்னும் கருத்தைக் கூறி, நீங்கள் செல்லும் இடத்திற்கு இவையும் வரும் என்று உறுதி மொழிகின்றார். எங்ஙனம் அறிவீர் என்னும் ஐயத்திற்கு, விலங்குகளின் ஆன்மா பற்றியும் எங்கட்குக் கற்பிக்கின்றனர் என்று நகை தோன்ற விடையிறுக்கின்றார். அம்மையார் உள்ளம் அமைதி பெறுகின்றது.

திறனாய்வாளர் சற்றே நின்று நோக்க வேண்டிய இடம் இது. கால்நடை மருத்துவக் கல்லூரி எதிலும் ஆன்மாவைப் பற்றிய பாடம் இல்லை. மருத்துவர் கூறியது பொய். டீனிடம் நோயின் உண்மையை மறையாது கூறிய அதே மனிதர் ஈண்டுப் பொய் கூறுவது முரண் ஆகாதோ என வினவலாம். முரண் அன்று என்பதே எம் துணிபு. டீன் கேட்டது நாயின் உடல் பற்றிய வினா. அதற்கு மருத்துவர் விடை அறிவார். அறிந்ததை மறைத்தல் குற்றம். ஸ்டப்ஸ் அம்மையார் கேட்டது ஒருவரும் அறியாத வினா. அறியாப் பொருளில் அச்சத்தின் பக்கம் சாய்வதினும் ஆறுதலின் பக்கம் சாய்வது கருணையின் இயல்பு. அதுவும் பாதி நகையோடு சொல்லப்பட்டமையால், நம்புவதும் நகைத்து விடுவதும் கேட்பார் விருப்பத்திற்கு விடப்படுகின்றது. தொழில் தந்த மதிப்பைத் தமக்கென்று பயன்கொள்ளாது, பிறர் அச்சம் நீங்கப் பயன்கொண்டார் என்க.

கதை ஆறுதல் மொழியோடு நின்றுவிடவில்லை. அம்மையார் இறந்தபின் அவ்விலங்குகள் யாதாகும் என்று ஹெரியட் கவலுறுகின்றார். அவர்க்குப் பணிவிடை செய்த பெண்மணியே அவற்றைத் தம்மொடு வைத்துக்கொள்கின்றார் என்பது தெரிய வருகின்றது. மறுமை பற்றிய வினாவோடு இம்மை பற்றிய பொறுப்பையும் ஆசிரியர் மறவாமை குறிக்கத்தக்கது.

6. செல்வச் சீமாட்டியும் நாயும்

மூன்றாவது நிகழ்ச்சி நகைச்சுவை உடையது. பம்ஃப்ரி என்னும் செல்வச் சீமாட்டியாரின் பெக்கினீஸ் நாய் டிரிக்கி வூ. இனிய உணவை அளவின்றி ஊட்டி, அதனை நடக்கவும் மாட்டாத நிலைக்கு ஆளாக்கிவிட்டார் அவர். உணவைக் குறைக்குமாறு சொல்லிச் சொல்லிப் பயன் காணாத ஹெரியட், இரு வாரம் நாயைத் தம்மிடம் விடுமாறு கூறி எடுத்துச் செல்கின்றார். பணியாளர் பகற்படுக்கை, இரவுப்படுக்கை, மெத்தை, விளையாட்டுப் பொருள் என வண்டியை நிறைக்கின்றனர். விடைபெறும்பொழுது அம்மாளிகையில் அழாதவர் இலர். மருத்துவமனையில் நாய்க்கு மருந்து ஒன்றும் தரப்படவில்லை. பிற நாய்களோடு ஓடி ஆடியே நலம் பெறுகின்றது. அதன் நலத்திற்கென்று சீமாட்டியார் முட்டையும், பின்னர் ஒயினும், பின்னர்ப் பிராந்தியும் அனுப்ப, அவற்றை மருத்துவர்களே உண்டு மகிழ்கின்றனர். நாயைத் திருப்பித் தராமல் இன்னும் சில நாள் வைத்துக்கொள்ளலாமோ என்னும் ஆசையும் எழுகின்றது.

நகையின் நிலைக்களன்களுள் மடன் என்பது ஒன்று. தான் கொண்ட ஒன்றை ஆராயாது பற்றி விடாமை மடன் எனப்படும். சீமாட்டியாரின் அன்பு அத்தகையது. அன்பே நோய்க்குக் காரணமாதலின், மருத்துவர் செய்ய வேண்டியது அன்பிலிருந்து விலங்கைப் பிரித்தல். விலங்கு மருத்துவத்தில் மட்டும் அன்றிக் குழந்தை மருத்துவத்திலும் இந்நிலை உண்டு. வளர்ப்பவர் கண்ணீரைத் தாங்கிக்கொண்டு நோயாளியின் பக்கம் நிற்றல் கடமையாகின்றது. நகைச்சுவையின் அடியில் கிடக்கும் கண்டிப்பு இது.

வறியவரை எண்ணி அழவும் செல்வரை எண்ணி நகைக்கவும் செய்கின்றார் ஹெரியட். இஃது எளிய உத்தி எனச் சிலர் குறை கூறுதல் கூடும். குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் நகைப்புக்கு ஆளாவார் சீமாட்டியார் மட்டும் அல்லர். பிராந்தியைச் சுவைத்துக்கொண்டு நாயின் நலத்தை நீட்டிக்க எண்ணும் மருத்துவரும் ஆளாகின்றார். டீன் தந்த சுருட்டையும் சீமாட்டியார் அனுப்பிய பிராந்தியையும் ஒப்பு நோக்கினால் ஆசிரியர் கருத்து விளங்கும். இரண்டும் வளர்ப்பவர் மருத்துவர்க்கு அளித்த பொருள்களே. முன்னையது தமக்கிருந்த அரும்பொருளை அறிந்து கொடுத்தது. பின்னையது நாய்க்கென்று அனுப்பியது, அறியாமையால் மருத்துவரை அடைந்தது. முன்னையதைப் பெறுதலில் மதிப்பு உண்டு. பின்னையதைப் பெறுதலில் நாணம் கலந்த நகை உண்டு. வளர்ப்பவர் உணர்ச்சி மருத்துவர்க்கு வருவாயாகவும் ஆகக்கூடும் என்னும் உண்மையை ஹெரியட் மறைக்காமல், தம்மையே சான்றாக்கிக் கூறினமை பாராட்டத்தக்கது.

7. சொல்லாது விட்டவை

இதுகாறும் கண்டவை நூலின் ஆற்றல். அதன் எல்லையையும் கூறுதல் வேண்டும்.

ஹெரியட்டின் நிகழ்ச்சிகள் பலவற்றிற்கு ஓர் அமைப்பு உண்டு. மருத்துவர் ஒரு வீட்டுள் புகுகின்றார். அங்குள்ள துயரில் பங்குகொள்கின்றார். பின்னர் வண்டியேறி மலைவெளியில் செல்கின்றார். திறந்த வெளியும் தூய காற்றும் உள்ளத்தைத் தெளிவிக்கின்றன. அடுத்த இயலில் புதியதொரு வீடு. இவ்வமைப்பால் கருணை ஒருபோதும் அவலமாக மாறுவதில்லை. பிறர் துயர் பிறர் வீட்டிலேயே நின்றுவிடுகின்றது. வாழ்க்கை அங்ஙனம் அமைவதில்லை.

ஆசிரியர் வாழ்க்கையே இதற்குச் சான்று. அவர் மகனார் ஜிம் வைட் தாமும் கால்நடை மருத்துவர், தந்தையாரோடு பணிபுரிந்தவர். அவர் 1999-இல் வெளியிட்ட வரலாற்று நூல், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வைட் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளாகி மருத்துவம் பெற்றமையைக் கூறுகின்றது. அதற்குத் தொழிலே காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் உலகை மகிழ்வித்த அம்மருத்துவரின் ஆசிரியர் உள்ளத்தில் நூலில் இடம்பெறாத இருள் இருந்தது என்பது தெளிவு. அவரளவில் மட்டும் நின்ற செய்தியும் அன்று இது. பிரிட்டனில் கால்நடை மருத்துவரிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களிடையே உள்ளதினும் மூன்று நான்கு மடங்கு மிகுதி என்று பிற்காலத்து ஆய்வுகள் காட்டியுள்ளன. உயிர் காக்கக் கற்றவர் உயிர் நீக்கும் பணியையும் அடிக்கடி செய்ய நேர்தல், தனித்துத் தொழில் புரிதல், பணிச்சுமை முதலியன காரணங்களாக எண்ணப்படுகின்றன. இவ்வுண்மையை அறிந்தபின் டீனின் நிகழ்ச்சியை மீண்டும் படிப்பார்க்கு, ஊசியைப் பிடித்த கையும் கண்ணில் படும்.

வளர்ப்பவர் பக்கத்திலும் ஒன்று உண்டு. உற்றார் இறந்தவழி ஊர் கூடி அழும். நாய் இறந்தவழி, நாய்தானே என்று கூறும். சமுதாயம் துயர் என்று ஒப்புக்கொள்ளாத இத்தகைய துயரங்களை 1989-இல் கென்னத் டோக்கா என்னும் அமெரிக்க அறிஞர் தனி வகையாக்கி ஆராய்ந்தார். அவ்வாய்வு தோன்றுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்னரே ஹெரியட் அதனை உணர்ந்து எழுதிவிட்டார். டீனின் துயரத்திற்கு ஊரில் சான்று ஒருவரும் இல்லை. மருத்துவர் ஒருவரே சான்று. அவர் கூலி வாங்காமையும் சுருட்டைப் பெற்றமையும், உம் துயரம் உண்மையான துயரமே என்று ஒப்புக்கொண்டமைக்கு அடையாளம். மருத்துவர் செய்யும் உதவிகளுள் இச்சான்றாதல் தலையாயது என்பது எம் கருத்து.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. கால்நடை மருத்துவர்க்கும் வளர்ப்போர்க்கும் இடைப்பட்ட உறவில் வளர்ப்பவர் அவலமும் மருத்துவர் கருணையும் எதிர்நின்று விளங்குகின்றன. ஹெரியட் அவற்றைச் சொல்லால் பெருக்காது செயலாலும் பொருளாலும் காட்டுகின்றார். அவ்வுறவு சிறப்பது, வளர்ப்பவர் பெறுபவராக மட்டும் நில்லாது கொடுப்பவராகவும் ஆகும்பொழுது. அழுகை பெருமிதமாக உயர்வது அங்கேதான். மருத்துவர்தம் அவலத்தை நூல் பேசாது விட்டமை அதன் குறை. அக்குறையை ஏனைய நிகழ்ச்சிகளில் மலைவெளியின் ஆறுதல் மூடிவிடுகின்றது. டீனின் நிகழ்ச்சியிலோ அத்தகைய ஆறுதல் இல்லை; மருத்துவர் தெருவில் நிற்கின்றார்; கையில் சுருட்டு இருக்கின்றது. அவர் என்ன உணர்ந்தார் என்பது கூறப்படவில்லை. கூறப்படாமையாலேயே அச்சுமை படிப்பவர் கைக்கு மாறுகின்றது. ஹெரியட் எழுதியவற்றுள் அச்சிறு பகுதியைத் தலைசிறந்ததாகக் கொள்வதற்கு அதுவே காரணமாகும்.